சீஷெல்ஸுக்குப் பாய்மரப் படகில் போகும் என் அக்கா மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ கேட்டது ஒரே கேள்விதான்: "மாமா, என்னென்ன ஸ்பேர் வாங்கட்டும்?" லிஸ்ட் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, அதற்கு முன்னால் உன்னிடம் வேறு ஒன்று சொல்லியாக வேண்டும் என்று பட்டது. உன்னைப் போல முதல்முறை கடலில் இறங்குகிற மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

மும்பையிலிருந்து சீஷெல்ஸின் மாஹே தீவு ஏறக்குறைய 1,700 கடல் மைல். ஒரு நாளைக்கு 120 மைல் ஓடினால் 14, 15 நாளில் போய்விடலாம். ஜனவரியில் கிளம்புகிறீர்கள், வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். பூமத்திய ரேகையை நெருங்கும்போது காற்று அப்படியே செத்துப்போகும். எஞ்சினை நம்ப வேண்டியது அங்கேதான்.

நான் துறைமுகத்தில் டீசல் மெக்கானிக்காக இருந்த காலத்தில், ஒருவருடைய பாய்மரப் படகை இதே வழியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்குப் போனேன். நான்காம் நாள் ராத்திரி, பேட்டரி இறங்குகிறதே என்று எஞ்சினைப் போட்டோம். பத்து நிமிஷம் ஓடியிருக்கும், மூச்சுத் திணறி நின்றுவிட்டது. காரணம் எனக்கு உடனே தெரிந்தது. டீசல் அழுக்கு. கரையில் படகு ஆடாமல் நிற்கும்போது கசடும் தண்ணீரும் டேங்க் அடியில் படிந்து கிடக்கும். அலையில் மூன்று நாள் குலுங்கினால் எல்லாம் கலங்கி வந்து ஃபில்டரை அடைத்துவிடும். புது ஃபில்டர் போட்டு, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினால் எஞ்சின் ஓடும். கரையில் இது 20 நிமிஷ வேலை.

ஆனால் அப்போது நான் 20 மணி நேரமாகத் தூங்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டது இரண்டு பிஸ்கட். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு காற்றெடுக்கும் ஸ்குருவைக் கழற்றினேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஸ்குருவுக்கு அடியில் இருந்த செம்பு வாஷர் விரலிலிருந்து நழுவி, எஞ்சினுக்குக் கீழே தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீரில் விழுந்தது. காந்தத்தை விட்டு எடுக்கலாம் என்றால் செம்பு காந்தத்தில் ஒட்டாது. இரண்டு மணி வரை கையை விட்டுத் துழாவினேன். டீசல் நாற்றத்தில் வாந்தி வேறு. கடைசியில் கோபம் வந்து, வாஷர் இல்லாமலே ஸ்குருவைப் போட்டு முறுக்கினேன். இன்னும் அரைச் சுற்று முறுக்கியிருந்தால் மரை போயிருக்கும். மரை போனால் நடுக்கடலில் அந்த எஞ்சினை ஒன்றும் செய்திருக்க முடியாது.

கேப்டன் கொச்சிக்காரர், நிதானமான மனிதர். என் தோளைத் தொட்டு, "போய்த் தூங்கு. காத்து இருக்கு, பாய் இருக்கு. எஞ்சின் விடியிற வரைக்கும் இங்கேயேதான் இருக்கும்" என்றார். நான்கு மணி நேரம் தூங்கினேன். எழுந்து சூடாகக் கஞ்சி குடித்தேன். அப்புறம் பெட்டியைக் கிளறினால் பழைய செம்பு வாஷர் ஒன்று கிடந்தது. அமுங்கி விறைத்துப்போனது. குறட்டில் பிடித்து கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். எஃகை இப்படிச் செய்தால் இன்னும் விறைக்கும். செம்பு இளகிவிடும். போட்டு இறுக்கினேன், ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. ராத்திரியே அந்தப் பெட்டியைத் திறந்திருக்கலாம், பாப்பா. எனக்குத் தோன்றவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். ஏதாவது உடைந்தால், முதலில் நீ எப்போது சாப்பிட்டாய், எப்போது தூங்கினாய் என்று பார். தண்ணீர் உள்ளே வந்தால், தீப்பிடித்தால், சுக்கான் போனால், பாய்மரத்துக்கு ஆபத்து வந்தால் உடனே எழுந்து ஓட வேண்டும். மற்றதெல்லாம் பெரும்பாலும் விடியும்வரை காத்திருக்கும்.

நம் புதுச்சேரிப் பெண், கடற்படை அதிகாரி ரூபாவை நினைத்துக்கொள். கடற்படையின் தாரிணி என்ற பாய்மரப் படகில், சக அதிகாரி தில்னாவும் அவரும் இரண்டே பேராக 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்கு மேல். ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். தூக்கத்தைக் கணக்குப் போட்டுச் செலவழிக்காமல் அப்படி எட்டு மாதம் ஓட்டவே முடியாது. அதே படகு 2018-ல் ஆறு பெண்களோடு சுற்றி வந்தபோது சுக்கான் இயக்கத்தில் பழுது வந்து மொரிஷியஸில் நிறுத்த வேண்டியிருந்தது. நல்ல படகு, தேர்ந்த கைகள், அப்படியும் உடையும்.

நீங்கள் நான்கு பேர். ராத்திரி ஆளுக்கு மூன்று மணி நேரம் காவல் வந்தால், உன் முறை முடிந்ததும் பேசிக்கொண்டு நிற்காதே, போய்ப் படு. முதல் மூன்று நாள் குமட்டும். இஞ்சியை வாயில் அடக்கிக்கொள், கீழே குனிந்து செய்யும் வேலையைக் குறைத்துக்கொள். சோறு குக்கரில் மட்டும் வை, மூடி பூட்டிக்கொள்வதால் படகு சாய்ந்தாலும் கொட்டாது. மூன்று பங்கு நல்ல தண்ணீருக்கு ஒரு பங்கு கடல் தண்ணீர் சேர்த்தால் உப்பே போட வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று வைத்து, 15 நாளுக்கு அல்ல, 25 நாளுக்கு ஏற்றச் சொல். 300 லிட்டர். உப்புநீரை நன்னீராக்கும் மெஷின் இருக்கிறதே என்று அதைக் குறைக்க விடாதே. உன் அம்மா புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருக்கிறாள், அழுதுகொண்டேதான். பருப்புப்பொடியும் அப்பளமும் மாட்டுங்காவில் நான் வாங்கித் தருகிறேன்.

தினமும் காலையில் வெளிச்சம் வந்ததும் படகை ஒரு சுற்று சுற்றி வா. கயிறு கப்பியில் உரசும் இடத்தை விரலால் தடவிப் பார். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரியும். தளத்தில் ஒரு சின்ன பின் கிடந்தால் கடலில் எறியாதே. அது எங்கிருந்து விழுந்தது என்று தலைக்கு மேலே பார். எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பில் ரப்பர் இம்பெல்லர் இருக்கும், இதழ் இதழாக உள்ள சின்னச் சக்கரம். அது கிழிந்து மாற்றினால் இதழ்களை எண்ணு. ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு தண்ணீர் போகும் வழியில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது, தேடி எடுக்காமல் எஞ்சினைப் போடாதே.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாக்தேவி தெருவுக்கு வா. செம்பு வாஷர் ஒவ்வோர் அளவிலும் பத்துப் பத்து வாங்குவோம். அதற்குள், படகின் டீசல் டேங்க் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ஒரு ராத்திரி அசையாமல் வைத்துப் பார். அடியில் தண்ணீர்க் கோடு தெரிந்தால் எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
மாமா
ஆண்டாப் ஹில், மும்பை