எஞ்சின் அளவுகளை வீல்ஹவுஸ் திரையில் வரவைக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்தூர் பகுதியைச் சேர்ந்த நான், கொச்சியிலிருந்து தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகும் விசைப்படகு ஒன்றில் எஞ்சின் டிரைவராக வேலை செய்கிறேன். இரவில் படகை ஓட்டும் ஸ்ராங்கு, சுக்கான் அறையான வீல்ஹவுஸில் ஜி.பி.எஸ். திரையைப் பார்த்தபடி இருப்பார்; கீழே ஆயில் பிரஷர் இறங்கினாலும் தண்ணீர்ச் சூடு ஏறினாலும், யாராவது எஞ்சின் அறைக்குள் இறங்கிப் பார்க்கும்வரை அவருக்குத் தெரியாது. கரை எட்டாத தூரத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதனால் சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த அளவுகள் ஜி.பி.எஸ். திரையிலேயே தெரியும்படி நானே இணைத்தேன்.

திரை விற்ற கடையில், பழைய எஞ்சினுக்கு அது நடக்காது என்றார்கள். நடக்கும். படகுக் கருவிகள் ஒரே கேபிள் வழியாகத் தகவல் பரிமாறும் என்.எம்.இ.ஏ. 2000 முறையில், திரை எஞ்சின் தகவலை ஏற்பதாக இருந்தால் போதும். பிரஷருக்கும் சூட்டுக்கும் ஏற்ப மாறும் சென்சாரின் மின்தடையையும், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையில் சுழலும் வேகத்துக்கேற்ப வரும் துடிப்பையும் அந்த முறைக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர் கிடைக்கிறது. எலெக்ட்ரானிக் எஞ்சின்கள் பேசும் ஜே 1939 என்ற தகவல் முறையும் பெரும்பாலும் இதே நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில்தான் ஓடுகிறது என்றாலும், செய்திகளின் அமைப்பு வேறு என்பதால் இடையில் ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் கேட்வே கருவி வைக்காமல் நேரடியாக வயரைச் சேர்க்கக் கூடாது.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு சின்னப் பொருள். எஞ்சின் சுழலும் வேகமான ஆர்.பி.எம். திரையில் வருவதும் மறைவதுமாக இருந்தது. கரண்டை நிறுத்திவிட்டு இரண்டு தகவல் வயர்களுக்கும் இடையே மீட்டர் வைத்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும், 120 காட்டியது. முதன்மைக் கேபிளின் இரு முனைகளிலும் இருக்க வேண்டிய 120 ஓம் டெர்மினேட்டர்களில் (முனையில் மாட்டும் மின்தடைகளில்) ஒன்றை நான் போடவே இல்லை. போட்டதும் சரியாயிற்று. அடுத்து, எஞ்சின் புல்லிக்கும் ஆல்டர்னேட்டர் புல்லிக்கும் உள்ள அளவு விகிதத்தைச் சரியாகக் கொடுக்காததால் ஆர்.பி.எம். தவறாகக் காட்டியது, சுழலும் வேகத்தை அளக்க கையில் பிடிக்கும் டேக்கோமீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்தினேன். எங்கள் படகு 24 வோல்ட். இந்த இணைப்புக்கு 12 வோல்ட்தான் தர வேண்டும் என்பதால் அதற்கென வோல்டேஜ் குறைக்கும் கருவியும் தனி ஃபியூஸும் வைத்தேன். பழைய கேஜ்களைக் கழற்றவில்லை. திரை அணைந்தாலும் அவை இருக்கும்.

இவ்வளவையும் ஆங்கிலக் கையேடுகளைப் புரட்டியும் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துமே கற்க வேண்டியிருந்தது. மேற்குக் கரையில் தடைக்காலம் வரும் ஜூன், ஜூலை மாதங்களில் படகுகள் கரையில்தான் நிற்கின்றன. அந்த நாட்களில் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலேயே, எங்கள் படகுகளின் எஞ்சின்களை வைத்து, தமிழில் ஒரு வாரச் செய்முறைப் பயிற்சி நடத்த மீன்வளத் துறையும் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளக் கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனமும் முன்வர வேண்டும். திரை விற்பவர்களும் வயரிங் படத்தைத் தமிழ் விளக்கத்தோடு பெட்டிக்குள் வைத்துத் தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விசைப்படகு எஞ்சின் டிரைவர் ஒருவர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.