தை மழைக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த குளிர்கால வானிலைக் கட்டுரையைப் படித்தேன். வடகிழக்குப் பருவமழை இயல்பை ஒட்டி இருக்கும், டிசம்பர் கடைசியில் ஓய்ந்துவிடும், அப்புறம் பனியும் குளிரும்தான் என்று முடித்திருந்தீர்கள். நகரத்தில் இருப்பவருக்கு இது போதும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் சம்பா போட்டிருக்கும் எங்களுக்கு, அந்தக் கட்டுரை முடிந்த இடத்தில்தான் கவலையே ஆரம்பிக்கிறது.

கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்லை, கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்லை என்பார்கள். அரசாங்கக் கணக்கும் கிட்டத்தட்ட அந்தப் பழமொழி போலத்தான் நடக்கிறது. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை பெய்தால் பருவமழை. ஜனவரி பிறந்துவிட்டால் அது குளிர்கால மழை, வேறு ஏடு. ஆனால் ஆவணியில் விதைத்த சம்பா தையில்தான் அறுப்புக்கு வருகிறது. குறுவை அறுத்த வயலில் அடுத்து நடும் தாளடி மாசி வரை நிற்கும். எங்கள் வரவு செலவு முடிவதற்கு முன்பே வானிலைக்காரர்கள் ஏட்டை மூடிவிடுகிறார்கள், பத்திரிகைகளும் கூடவே மூடிவிடுகின்றன.

2020ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிவர், புரெவி என்று அடுத்தடுத்துப் புயல் வந்தும், மாநில அளவில் பருவமழை இயல்பு என்றே முடிந்தது. அடுத்த மாதமே, 2021 ஜனவரியில், வழக்கமாக ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராத மாநிலச் சராசரி 13 சென்டிமீட்டரைத் தாண்டியது. பொங்கல் நேரத்தில் கதிர் முற்றிய வயல்கள் சாய்ந்து, தண்ணீரில் கிடந்த நெல் முளைவிட்டது. 2022லும் இதே கதை. மாநிலக் கணக்கில் அது அச்சு அசலான இயல்பு ஆண்டு. அந்த இயல்புக்குள்தான் நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அதைத் தாண்டிப் பிழைத்த பயிர், 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், இலங்கைக் கரையைக் கடந்த தாழ்வு மண்டலத்தின் மழையில் படுத்துவிட்டது. அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அரசுக் கொள்முதலில் நெல்லுக்கு 17 விழுக்காடு ஈரப்பதம் என்ற வரம்பை மத்திய அரசு 20 வரை தளர்த்தியது. அறுவடை நேரத்தில் டெல்டாவை அடித்த இந்த இரண்டு மழையும் 'இயல்பான' பருவமழை முடிந்த பிறகு வந்தவை. இயல்பு என்று நீங்கள் போடும் தலைப்பைப் பார்த்து இங்கே யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, அந்த இயல்புதான் என்ன? மாநிலச் சராசரி சுமார் 44 சென்டிமீட்டர். அதற்கு மேலும் கீழும் 19 விழுக்காடு வரை இருந்தால் இயல்பு. அதாவது 36 பெய்தாலும் இயல்பு, 52 பெய்தாலும் இயல்பு. அதுவும் மூன்று மாதத்தில் எந்தப் பத்து நாளில் பெய்தது என்ற பேச்சே அதில் கிடையாது. விவசாயிக்கு வேண்டியது மொத்தம் அல்ல, இடைவெளி. மேலுரம் போட இரண்டு மூன்று நாள் மழை விட்ட வெறிப்பு வேண்டும். யூரியாவைத் தெளித்த மறுநாள் கனமழை வந்தால் காசு வாய்க்காலில் போகிறது. பூக்கும் சமயத்தில் விடாத தூறலும் மேக மூடாக்கும் இருந்தால் பதர் கூடும், நெற்பழ நோய் வரும். அறுப்பு சமயத்தில் ஒரு வாரம் காய்ந்தால் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்கும். வயல் ஈரமாக இருந்தால் பெல்ட் வண்டிதான், வாடகையும் அதற்கு ஏற்ற மாதிரி. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் குவித்துப் படுதா போட்டு மூடிவிட்டு, சாக்குக்கும் முறைக்கும் காத்திருக்கும்போது வரும் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, படத்தோடு நீங்களே வருஷா வருஷம் போடுகிறீர்கள்.

லா நினா, அதாவது பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்து போகும் நிலை, வந்தால் மழை குறையும் என்று கட்டுரையில் ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. மொத்தத்தில் அப்படி ஒரு சாய்வு உண்டு என்பது உண்மைதான். 2016இல் பலவீனமான லா நினா இருந்தது, மழை 62 விழுக்காடு குறைந்து டெல்டாவே கருகியது. ஆனால் 2021ம் லா நினா ஆண்டுதான். அப்போது பருவமழை இயல்பைவிட 59 விழுக்காடு அதிகம். பசிபிக் கடல் ஒரு பக்கம் இழுக்கும், இந்தியப் பெருங்கடல் இன்னொரு பக்கம் இழுக்கும், வங்கக் கடலில் உருவாகும் ஒரே ஒரு தாழ்வு மண்டலம் எங்கே போய் நிற்கிறது என்பது மொத்தக் கணக்கையே மாற்றிவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியது புதுச்சேரி அருகே. அதற்கு முன்னால் அது கடலில் மெதுவாக ஊர்ந்த நாட்களிலேயே நாகப்பட்டினம் பக்கத்து இளம்பயிர் மூழ்கிவிட்டது. லா நினாவைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை ஜோசியம் மாதிரி எழுத வேண்டாம்.

ஜோசியம் என்றதும் ஞாபகம் வருகிறது. ராசிபலனைப் பன்னிரண்டு ராசிக்கும் தனித்தனியாகப் பிரித்துத் தினமும் போடுகிறீர்கள். 38 மாவட்டத்துக்கும் சேர்த்து மழைக்கு ஒரே பத்தி.

கணிப்பு இல்லாமல் இல்லை. வானிலைத் துறை விவசாயிகளுக்காக நடத்தும் கிராமிய கிருஷி மௌசம் சேவா திட்டத்தில் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அடுத்த ஐந்து நாளுக்கான வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பருவம் தொடங்கும் முன்பே மாவட்ட வாரியாக எதிர்பார்க்கும் மழையளவை வெளியிடுகிறது. வேளாண் வானிலை சொல்லும் மேகதூத் என்ற கைபேசிச் செயலியும் இருக்கிறது. ஆனால் மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை 2024இல் நாடு முழுவதும் மூடிவிட்டார்கள். கிராமத்துக்குப் பக்கத்தில் இருந்து விளக்கிச் சொன்ன ஆட்கள் குறைந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் செயலியைப் பார்ப்பவர்களைவிட டீக்கடையில் உங்கள் பத்திரிகையைப் பார்ப்பவர்கள்தான் இன்னும் அதிகம். அந்த ஐந்து நாள் அறிக்கையை வட்டார வாரியாகச் சுருக்கி, வாரம் இரண்டு முறை உள்ளூர்ப் பக்கத்தில் போட்டாலே பெரிய உபகாரம்.

இன்னொன்று, இதை எந்தப் பத்திரிகையும் மழைச் செய்தியோடு சேர்த்துப் போட்டு நான் பார்த்ததில்லை: கடல் ஏற்றம். எங்கள் பக்கத்து ஆறுகளான அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வளவனாறு எல்லாம் கடைசியில் கடலில்தான் வடிய வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகமாக இருக்கும்போது முகத்துவாரத்தில் கடல் தண்ணீரை உள்வாங்காது. ஆகாயத்தாமரை அடைத்த வடிகால் வேறு. அதே பத்து சென்டிமீட்டர் மழை, ஏற்றம் இல்லாத நாளில் பெய்தால் இரண்டு நாளில் வடிந்துவிடும், ஏற்றத்தில் பெய்தால் ஒரு வாரம் நிற்கும். சி.ஆர். 1009 சப் 1 மாதிரி மூழ்கினாலும் தாங்கும் ரகம் போட்டவர் வளர்ச்சிப் பருவத்தில் பத்துப் பதினைந்து நாள் பொறுத்துக்கொள்ளலாம். மற்றவர் என்ன செய்வார்? எந்த நாளில் ஏற்றம் என்று முன்னால் தெரிந்தால் மோட்டாரும் டீசலும் தயார் செய்து வைக்கலாம், எந்த மதகை எப்போது திறப்பது என்று அதிகாரிகளிடம் பேசலாம்.

பனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கட்டுரையில் பனி என்றால் வாகன ஓட்டிகளுக்கு எச்சரிக்கை, அவ்வளவுதான். இங்கே ராத்திரிக் குளிரும் விடியற்காலைப் பனியும் மூடாக்கும் சேர்ந்தால் நெற்பயிரில் குலைநோய் பரவும். அதே பனியை நம்பித்தான் அறுப்புக்கு முன்னால் நெல் வயலில் உளுந்தையும் பயறையும் தெளிக்கிறோம். அதற்கு வேறு பாசனம் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான். தையில் மழை கொட்டினால் நெல்லோடு அந்த உளுந்தும் அழுகும். குறைந்தபட்ச வெப்பநிலையைத் தினமும் போடுகிறீர்கள், பக்கத்திலேயே காலை ஈரப்பதத்தையும் போட்டால் மருந்து அடிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவும்.

பக்க நெருக்கடி எனக்கும் தெரியும். தினமும் முடியாவிட்டால் மார்கழி பாதியில் தொடங்கி மாசி கடைசி வரை மட்டுமாவது போடுங்கள். ஜனவரி, பிப்ரவரிக்கான கணிப்பை வானிலை ஆய்வு மையம் வெளியிடும்போது அதையும் பருவமழைக் கணிப்பு மாதிரியே முதல் பக்கத்தில் போடுங்கள். எங்கள் பகுதியில் முன்பட்ட சம்பா பொங்கலுக்கு முன்பே அறுப்புக்கு வந்துவிடும், அதற்குள் ஆரம்பித்தால் இந்த வருஷத்துக்கே பயன்படும்.

இப்படிக்கு,
சம்பா விவசாயி ஒருவர்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்