கட்டணமும் வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் குடியேறியவர்கள் ஓசியில் மருத்துவம் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற தொனியில் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வேலை விசாவில் லண்டனில் வசிப்பவன் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்லியாக வேண்டும்.

விசா கேட்பவர்கள் இங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்காகக் கட்டும் குடியேற்ற சுகாதாரக் கட்டணம், 2015இல் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கி, 2024 பிப்ரவரி முதல் பெரியவர்களுக்கு 1,035 பவுண்டாகவும், மாணவர்களுக்கும் 18 வயதுக்குட்பட்டோருக்கும் 776 பவுண்டாகவும் உயர்ந்துவிட்டது. இதில் தவணைக்கு இடமில்லை. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் கொண்ட குடும்பம் ஐந்தாண்டு விசா கேட்டால், விசாக் கட்டணம் நீங்கலாக, 18,110 பவுண்டை முன்கூட்டியே கட்டினால்தான் விண்ணப்பமே நகரும். விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வரும். விசா கிடைத்தபின் வேலை போய் இரண்டாம் ஆண்டே ஊர் திரும்ப நேர்ந்தால், மிச்ச ஆண்டுகளுக்குக் கட்டியது போனது போனதுதான்.

என்எச்எஸ் எனப்படும் அந்த அரசு மருத்துவச் சேவை பெரும்பாலும் பொது வரிப்பணத்தில் நடப்பது. அந்த வரியும் தேசியக் காப்பீட்டுத் தொகையும் எங்கள் சம்பளத்திலும் மாதந்தோறும் பிடிக்கப்படுகின்றன. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கான கட்டணத்தையும் மற்றவர்களைப் போலவே கொடுக்கிறோம். இத்தனைக்கும் பிறகு, கடந்த 12 மாதங்களாக எங்கே வசித்தீர்கள் என்று கேட்கும் படிவத்தை மருத்துவமனையில் நீட்டும்போது, கடனுக்கு வந்தவர்போல் கூசி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுகாதார, பராமரிப்புப் பணியாளர் விசாவில் இருப்போருக்கு 2020 முதல் இக்கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. அது நியாயமே. ஆனால் அதே அளவு வரி கட்டும் பள்ளி ஆசிரியருக்கு ஏன் இல்லை?

முதல் விசாவின்போது, இன்னும் ஒரு பென்னி வரியும் கட்டாதவரிடம் இக்கட்டணத்தைக் கேட்பதையாவது ஓரளவு புரிந்துகொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் வரி கட்டியவர் விசாவை நீட்டிக்கும்போதும் அதையே கேட்பது, ஒரே சேவைக்கு இருமுறை வசூலிப்பதாகும். நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கான காத்திருப்பைப் பொதுவாக ஐந்திலிருந்து பத்தாண்டாக்கும் யோசனையை பிரிட்டன் அரசின் 2025 மே மாத வெள்ளை அறிக்கை முன்வைத்தது. அதன்படி பத்தாண்டு காத்திருப்பவர், இன்றைய விலையிலேயே 10,350 பவுண்டு கட்ட வேண்டிவரும். நீட்டிப்பு விண்ணப்பங்களிலேனும் இக்கட்டணத்தை நீக்குமாறு, இங்குள்ள தமிழ் அமைப்புகள் தத்தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களை வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
லண்டன்