மேமோகிராம் பற்றி அக்காவுக்கு

சார்செல், பாரிஸ் பக்கம்
ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். குளிர் வந்துவிட்டது, சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டு. மார்பில் புற்று இருக்கிறதா என்று பார்க்கும் மேமோகிராம், அதான் அந்த மார்பு எக்ஸ்ரே, எப்படி எடுப்பார்கள் என்று நீ கேட்டாயே, அதைப் போனில் சொல்லக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் மாமா வேறு இருந்தார். அதனால்தான் கடிதம்.

இங்கே 50 வயதிலிருந்து 74 வரை எல்லாப் பெண்களுக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அழைப்பு வரும். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்களும் போவார்கள், அதற்காகத்தானே அது. காசு கிடையாது.

படம் எடுத்தது ஒரு பெண்தான். இடுப்புக்கு மேலே எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்று நான் நிற்க, அவள் அதை முதுகுப் பக்கம் தள்ளி பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டாள்! அப்புறம் மார்பைப் பலகைமேல் வைத்ததும் மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டு இறங்கி அழுத்தும். வலிக்காது என்று புளுக மாட்டேன். ஆனால் மூச்சைப் பிடித்துக் கொஞ்சம் எண்ணுவதற்குள் விட்டுவிடும். பக்கத்துக்கு இரண்டாக நாலு படம். சாய்த்து எடுப்பதுதான் அவஸ்தை, பலகை முனை அக்குளில் குத்தும். ஏன் இப்படி நசுக்குகிறாய் என்று கேட்டேன். சதை பரவினால்தான் உள்ளே இருப்பது மறையாமல் தெரியுமாம், கதிரும் குறைவாகப் போதுமாம்.

அன்றைக்கு மட்டும் பவுடர், சென்ட் வேண்டாம். பவுடர் இல்லாமல் நீ வாசல்படி தாண்ட மாட்டாய், தெரியும். ஆனால் அதன் துகள், மார்புக்குள் படியும் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி படத்தில் விழுந்து வீண் குழப்பமாகும்.

படம் நன்றாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னாலும் இங்கே இன்னொருவர் மறுபடி பார்ப்பார். திரும்பக் கூப்பிட்டால் உடனே புற்று என்று அழ உட்காராதே. என்னையும் கூப்பிட்டார்கள், ஸ்கேன் பார்த்து, வெறும் நீர்க்கட்டி என்று அனுப்பிவிட்டார்கள். அதேபோல, படம் சுத்தமாக இருந்தும் நடுவில் கட்டி ஏதாவது கையில் தட்டுப்பட்டால் அடுத்த முறை பார்க்கலாம் என்று இருந்துவிடாதே.

முத்தியால்பேட்டையிலிருந்து கோரிமேடு என்ன தூரம்? அங்கே ஜிப்மர் ஆஸ்பத்திரியிலேயே எடுக்கிறார்கள். சேலையிலேயே போ, ரவிக்கையைக் கழற்றினால் போதும். முன்பு எடுத்த படம் இருந்தால் கையோடு கொண்டு போ, ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எதிர்வீட்டு அண்ணியையும் கூட்டிக்கொள். அவர்களுக்கும் ஐம்பது தாண்டிவிட்டதே.

அன்புடன்,
உன் தங்கை