ஆண்டறிக்கை 2024–25: நாள்களை எண்ணும் வேலை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் வழக்கறிஞர்களே, நண்பர்களே, வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நமது சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் பதிவேடும் கூட்டக் குறிப்பேடும் மேசைமேல் இருக்கின்றன. நேரத்தின் பெரும்பகுதியை உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்கும், அதில் சிக்கியவருக்கு இன்னும் மிச்சமிருக்கும் உரிமைகளுக்கும் ஒதுக்குகிறேன். நாம் கூடியிருப்பதே அதற்காகத்தான்.

முதலில் அஞ்சலி. பேராசிரியர் ஜி.என். சாய்பாபா 2024 அக்டோபர் 12 அன்று ஐதராபாத்தில் காலமானார். 2014 மே மாதம் உபா வழக்கில் கைதானவர். சக்கர நாற்காலி இல்லாமல் நகர முடியாதவர். 2017-இல் ஆயுள் தண்டனை. 2022 அக்டோபர் 14 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அவரை விடுவித்தது. மறுநாள் சனிக்கிழமை. அன்றே உச்ச நீதிமன்றம் சிறப்பாகக் கூடி அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. வழக்கு மீண்டும் நாக்பூருக்குப் போய், வேறு அமர்வு 2024 மார்ச் 5 அன்று மறுபடியும் விடுவித்தது. வெளியே வந்து ஏழு மாதம் இருந்தார். இரண்டு முறை நீதிமன்றம் விடுவித்த மனிதருக்கு எஞ்சியது அவ்வளவுதான். எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்க வேண்டுகிறேன்.

இந்தச் சட்டத்தில் தண்டனை தீர்ப்பு நாளில் வருவதில்லை, ஜாமீன் மறுக்கப்படும் நாளிலேயே வந்துவிடுகிறது. பிரிவு 43டி(5) அதைச் செய்கிறது. போலீஸ் தரும் ஆவணங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு முதல்நோக்கில் உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதி கருதினால் ஜாமீன் கொடுக்கக் கூடாது. 2019-இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் வதாலி தீர்ப்பு இதை இன்னும் இறுக்கியது: ஜாமீன் கட்டத்தில் சான்றுகளை ஆழமாக எடைபோடக் கூடாது, அரசுத் தரப்பு சொல்வதை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்றது. சாட்சி பொய் சொல்கிறார் என்று காட்டும் வாய்ப்பு குறுக்கு விசாரணையில்தான் வரும். குறுக்கு விசாரணை எத்தனை ஆண்டு கழித்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முந்தைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களான தடாவும் பொடாவும் கொடியவை. ஆனாலும் அவற்றுக்கு ஆயுள் குறிக்கப்பட்டிருந்தது. தடா 1995-இல் காலாவதியானது, பொடா 2004-இல் நீக்கப்பட்டது. அதே 2004-இல் பயங்கரவாதம் பற்றிய அத்தியாயங்களை 1967-ஆம் ஆண்டின் உபாவுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். 2008-இல் ஜாமீன் தடையும் 180 நாள் காவலும் சேர்ந்தன. 2019-இல் தனிமனிதரையே வழக்கு விசாரணை எதுவுமின்றிப் பயங்கரவாதி என்று நான்காம் அட்டவணையில் அறிவிக்கும் அதிகாரம் வந்தது. உபாவுக்குக் காலாவதி நாள் கிடையாது. நாடாளுமன்றம் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஒன்றே ஒன்று நமக்குச் சாதகமாக நிற்கிறது. தடாவில் போலீஸ் கண்காணிப்பாளரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாக ஏற்கப்பட்டது. ராஜீவ் காந்தி வழக்கில் 1998-இல் 26 பேருக்கும் தூக்கு விதிக்கப்பட்டதும், 1999-இல் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை வெளியே அனுப்பியதும் தமிழ்நாடு மறக்கக் கூடாதவை. தடா குற்றங்கள் நிரூபிக்கப்படவில்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, தடாவின்கீழ் எடுத்த வாக்குமூலங்களை மட்டும் செல்லும் என்றது. உபாவில் அந்தப் பிரிவு இல்லை. போலீசிடம் சொன்ன ஒப்புதல் சான்றாகாது. ஒரு பொருள் இருக்கும் இடத்தைச் சொல்லி அது கைப்பற்றப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் உள்ளே வரும். ஆகவே வெற்றுத்தாளிலும், படித்துக் காட்டாத தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பதை வகுப்புதோறும் சொல்லி வந்தோம். இனியும் சொல்வோம்.

அடுத்து, கைதான முதல் 24 மணி நேரம். இந்த ஆண்டின் மிகப் பெரிய வரவு 2024 மே 15 அன்று பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் வந்த தீர்ப்பு. நியூஸ்கிளிக் ஆசிரியரான அவரை 2023 அக்டோபர் 3 மாலை கைது செய்தார்கள். மறுநாள் விடியற்காலை 6 மணிக்கெல்லாம் நீதிபதியின் வீட்டில் ஆஜர்படுத்தினார்கள். அவருடைய வழக்கறிஞருக்குத் தகவல் போவதற்குள் ஏழு நாள் போலீஸ் காவல் உத்தரவாகிவிட்டது. அந்தக் கைதே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். கைதுக் குறிப்பில் அச்சடித்திருக்கும் பொதுக் காரணங்கள் போதாது என்றும் அது தெளிவாகச் சொன்னது. தப்பி ஓடிவிடுவார், சான்றைக் கலைத்துவிடுவார் என்பவை யாருக்கும் பொருந்தும் வரிகள். இந்த மனிதர் இன்ன நாளில் இன்னதைச் செய்தார் என்ற குறிப்பான அடிப்படைகளை எழுத்தில் அவர் கையில் கொடுக்க வேண்டும். 2025 பிப்ரவரி 7 அன்று விஹான் குமார் வழக்கில், கைதுக்கான காரணத்தைத் தெரிவித்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு போலீசுடையதே என்றும் வந்துவிட்டது.

இதை நடைமுறையில் நாம் கோட்டைவிடுவது எங்கே என்றால், கைதுக் குறிப்பு கிடைத்ததும் எல்லாம் கிடைத்துவிட்டதாக நினைப்பதில்தான். நம் தொண்டர் கையிலிருக்கும் படிவத்தில் இனி இரண்டு தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ஒன்று கைதுக் குறிப்பு. மற்றது எழுத்துமூல அடிப்படைகள், அது வந்த மணி. இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால், முதல் ரிமாண்டிலேயே (காவலில் வைக்க உத்தரவு கேட்டு ஆஜர்படுத்தும்போதே) நீதித்துறை நடுவரிடம் சொல்லி, பதிவு செய்யக் கேட்டு, எழுத்திலும் ஒரு மனு கொடுக்க வேண்டும். ரிமாண்ட் உத்தரவில் ஏறாத ஆட்சேபம் ஆறு மாதம் கழித்து உயர் நீதிமன்றத்தில் ‘பின்னால் தோன்றிய யோசனை’ ஆகிவிடும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை ஆகிய மூன்றும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவுகள் 38, 48, 53 வழியாக உபா வழக்குக்கும் உண்டு. காயம் ஏதும் இருந்தால் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லி எழுத வைக்க வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு இலவசச் சட்ட உதவி கேட்கும் உரிமை உண்டு. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்கக் கூடாது.

இனி நாள் கணக்கு. சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் டீஃபால்ட் ஜாமீன் உரிமையாகிவிடும். உபாவில் எல்லாக் குற்றத்துக்கும் 90 நாள். அதை 180 வரை நீட்டலாம், போலீஸ் காவலே 30 நாள் வரை போகலாம். நீட்டிப்பு தானாக வராது. அரசு வழக்கறிஞர் தம் பெயரில் அறிக்கை தர வேண்டும். விசாரணை எதுவரை வந்திருக்கிறது, இந்த நபரை 90 நாளுக்கு மேலும் ஏன் உள்ளே வைக்க வேண்டும் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். விசாரணை அதிகாரி எழுதிய கடிதத்தின்மேல் ஒரு கையெழுத்து மட்டும் போட்டிருந்தால் எதிர்க்கலாம். நீட்டிப்பைச் சிறப்பு நீதிமன்றம்தான் தரலாம் என்று பிக்ரம்ஜித் சிங் தீர்ப்பு (2020) சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரை ஆஜர்படுத்தி, இப்படியொரு கோரிக்கை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் அதை விசாரிக்க வேண்டும் என்பது ஜிகர் தீர்ப்பு (2022). காணொலியில் முகத்தைக் காட்டிவிட்டு ‘நீட்டிக்கப்பட்டது’ என்று முடித்தால் உடனே ஆட்சேபம் எழுத வேண்டும்.

எண்ணும்போது ரிமாண்ட் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். கபில் வாதவான் வழக்கில் 2023 மார்ச் 27 அன்று மூன்று நீதிபதிகள் இதை முடித்துவைத்தார்கள். ஜனவரி 1 அன்று ரிமாண்ட் என்றால், பிப்ரவரிக்கு 28 நாள் உள்ள ஆண்டில் 90-ஆவது நாள் மார்ச் 31. ஏப்ரல் 1 காலை நீதிமன்றம் கூடியதும் மனு உள்ளே போயிருக்க வேண்டும். ‘மூன்று மாதம்’ என்று உத்தேசமாகச் சொல்லிக்கொண்டு ஏப்ரல் 2 அன்று போனால், முதல் நாள் மாலையே குற்றப்பத்திரிகை வந்திருக்கும், உரிமையும் போயிருக்கும். நம் சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன எம். ரவீந்திரன் வழக்கு (2020) போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வந்தது, ஆனால் பாடம் அதேதான். ஜாமீன் மனு காலை 10.30-க்கு ஃபைல் ஆனது. எதிர்த்தரப்பு மாலை 4.25-க்கு ஓடிவந்து கூடுதல் புகாரைத் தாக்கல் செய்தது. மனு முந்திவிட்டதால் உரிமை நிலைத்தது. மனுவின் முதல் பக்கத்தில் நீதிமன்ற முத்திரையோடு நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள். இ-ஃபைலிங் என்றால் அந்த ரசீதை அப்போதே அச்செடுத்து வையுங்கள். பிணைத்தொகையும் ஜாமீன்தாரரும் தயார் என்ற வரி மனுவிலேயே இருக்க வேண்டும்.

அரசு அனுமதி குறித்தும் இந்த ஆண்டு ஒரு தெளிவு வந்தது. பிரிவு 45-இன்படி அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க முடியாது. சான்றுகளைப் பரிசீலிக்கும் தனி அதிகாரிக்கு ஏழு வேலைநாள், பிறகு அரசுக்கு ஏழு வேலைநாள். இந்தக் கெடு கட்டாயமானது என்று 2024 செப்டம்பர் 23 அன்று புலேஸ்வர் கோப் தீர்ப்பு சொன்னது. ஆட்சேபத்தை முடிந்தவரை முன்கூட்டியே எழுப்ப வேண்டும் என்றும் சொன்னது. சாய்பாபாவுக்கான அனுமதி விசாரணை தொடங்கிய பிறகுதான் வந்தது. முதல் விடுதலைக்கு அதுவே காரணம். அனுமதி ஆணையின் நகல் கைக்கு வந்ததும் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: சான்றுகள் அதிகாரியிடம் போனது, பரிந்துரை வந்தது, ஆணை பிறந்தது.

ஜாமீன் மனுக்களில் திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு தவறு பற்றிச் சொல்லியாக வேண்டும். சிறப்பு நீதிமன்றம் மறுத்ததும், பழக்கத்தில் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி முன் புதிய ஜாமீன் மனு போடுகிறார்கள். அது செல்லாது. தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) சட்டம் பிரிவு 21-இன்படி இரு நீதிபதி அமர்வு முன் மேல்முறையீடு செய்ய வேண்டும். கெடு 30 நாள். தாமதத்துக்குக் காரணம் காட்டினாலும் 90 நாளுக்கு மேல் கிடையாது என்பதே சட்டத்தின் வாசகம். தவறான மனு நிலுவையில் கிடக்கும்போதே இந்தக் கெடு ஓடிவிடுகிறது.

எந்தப் பிரிவு என்பதையும் பார்க்க வேண்டும். முகநூல் பதிவு, முழக்கம், சுவரொட்டி சார்ந்த வழக்குகள் பெரும்பாலும் பிரிவு 13. அது மூன்றாம் அத்தியாயம். 43டி(5)-இன் ஜாமீன் தடை நான்காம், ஆறாம் அத்தியாயங்களுக்கு மட்டுமே. முன்ஜாமீன்தான் சட்டம் முழுவதற்கும் கிடையாது. ‘உபா என்றாலே ஜாமீன் இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்வதை நம் பக்கத்து வழக்கறிஞரே ஒப்புக்கொண்டு உட்காருவது வருத்தமாக இருக்கிறது.

உச்ச நீதிமன்றத்தின் குரலும் ஒன்றாக இல்லை. 2024 பிப்ரவரியில் குர்விந்தர் சிங் தீர்ப்பு, இந்தச் சட்டத்தில் சிறையே விதி என்றது. 2024 ஆகஸ்ட் 13 அன்று ஜலாலுதீன் கான் தீர்ப்பு, ஜாமீனே விதி, சிறப்புச் சட்டத்துக்கும் அதுதான் என்றது. இரண்டும் இரு நீதிபதி அமர்வுகள். ஆகவே நம் மனுக்கள் மூன்று நீதிபதிகளின் நஜீப் தீர்ப்பில் (2021) காலூன்ற வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் சிறை, விசாரிக்கப்படாமல் 276 சாட்சிகள் என்ற நிலையில், 43டி(5) இருந்தாலும் அரசியலமைப்பு நீதிமன்றம் (உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ) ஜாமீன் தரலாம் என்றது அது. சொற்பொழிவை விட எண்கள் பேசும். எத்தனை ஆண்டு எத்தனை மாதம் சிறை, குற்றச்சாட்டு வனையப்பட்டதா, பட்டியலில் எத்தனை சாட்சி, இதுவரை எத்தனை பேர், கடந்த 12 மாதத்தில் எத்தனை வாய்தா, அவற்றை யார் கேட்டார்கள். வாய்தாக்களை நாம் கேட்டிருந்தால் அது நமக்கு எதிராகவே திரும்பும். வீட்டில் கிடைத்த புத்தகங்கள்தான் சான்று என்றால் 2023 ஜூலை 28-இன் வெர்னான் கொன்சால்வஸ் தீர்ப்பைச் சேர்க்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 113-உம் பயங்கரவாதச் செயலைத் தண்டிக்கிறது. எந்தச் சட்டத்தில் பதிவது என்று முடிவெடுப்பவர் போலீஸ் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி. அங்கே 43டி(5) போன்ற ஜாமீன் தடை இல்லை, பிரிவு 45 போன்ற அனுமதிக் கட்டாயமும் இல்லை. ஒரே செயலுக்கு இரண்டு பாதைகள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு எந்த அளவுகோலும் எழுதப்படவில்லை. இது நம்மைக் கவலைப்பட வைக்கிறது.

தொலைபேசி, மடிக்கணினி பறிமுதல் பற்றிச் சுருக்கமாக. சோதனையை ஒலி, ஒளிப்பதிவு செய்வது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105-இன்படி கட்டாயம். கைப்பற்றிய பொருள்களைக் குறிக்கும் மகஜரில் ‘கறுப்பு நிற செல்போன் 1’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். ஐ.எம்.இ.ஐ. எண், வரிசை எண், சிம், நினைவட்டை எல்லாம் தனித்தனியே வர வேண்டும். கருவியில் உள்ள பதிவுகள் பின்னால் மாற்றப்பட்டனவா என்று காட்டும் ஹாஷ் மதிப்பு எப்போது எடுக்கப்பட்டது என்பதே பின்னாளில் வழக்கின் உயிராக மாறலாம், அந்த இடத்திலேயே எழுத்தில் கேளுங்கள். சொத்து முடக்கத்துக்கும் கெடு உண்டு: 48 மணி நேரத்தில் உரிய அதிகாரிக்குத் தகவல், 60 நாளில் அவருடைய முடிவு, அதன் பிறகு நமக்கு மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டான் சுவாமி, நடுக்குவாத நோயால் தம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் காவலிலேயே இறந்தார். அதனால்தான் மருந்து, கண்ணாடி, சிறப்பு உணவு, உதவிக் கருவி ஆகியவற்றுக்கான மனுவை முதல் ரிமாண்ட் அன்றே, மருத்துவச் சீட்டு நகலோடு கொடுக்கும் வழக்கத்தை வைத்திருக்கிறோம். அதில் தளர்ச்சி கூடாது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள். ஒன்று: உபா சட்டத்தின் பிரிவு 43டி(5)-ஐ நீக்கக் கோரி மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் மனு அனுப்புவது. இரண்டு: கைதுப் படிவத்தை மேலே சொன்ன இரண்டு கட்டங்களோடு மறு அச்சிடுவது. மூன்று: சங்கம் கவனிக்கும் ஒவ்வொரு வழக்குக்கும் இருவர் தனித்தனியே நாள்குறிப்பேடு வைத்து, 80-ஆவது நாளில் ஒப்பிட்டு, 85-ஆவது நாளுக்குள் டீஃபால்ட் ஜாமீன் மனுவைத் தேதி மட்டும் நிரப்பும் நிலையில் வழக்கறிஞர் கையில் சேர்ப்பது.

இப்படிக்கு,
செயலாளர்