மலைவாசத்தல விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் விடுதியும் ஹோம்ஸ்டேவும் நடத்தும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் வரவேற்பு மேசையில் கிடக்கும் பொது போனை எடுத்து, கேலரியைப் போன மே மாதம் வரை தள்ளிப் பாருங்கள். டிபன் மெனு, ஆதார் நகல், அறைப் படங்களுக்கு நடுவே யாரோ ஒருவரின் கிரெடிட் கார்டு இருக்கும், முன்பக்கமும் பின்பக்கமுமாக. "ரூம் பிடிச்சு வைக்கணும்னா கார்டு போட்டோ அனுப்புங்க" என்று கேட்டு வாங்கியது. வாட்ஸப்பில் வந்த படம் அங்கேயே நிற்பதில்லை. கேலரிக்குப் போகிறது, அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கு. போன சீசனோடு வேலையை விட்ட பையன் அதே கணக்கைத் தன் போனிலும் திறந்து வைத்திருந்தால் அவனுக்கும் அது தெரியும்.

பின்பக்கத்து மூன்று இலக்க சிவிவியை, பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்தபின் எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் பிசிஐ எனும் பாதுகாப்பு விதி. பூட்டிவைத்தாலும், மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்தாலும் விதிமீறல்தான். ரிசர்வ் வங்கி இன்னும் ஒரு படி மேலே போய், 2022 அக்டோபர் 1 முதல் முழு கார்டு எண்ணையே வணிகர்கள் சேமிக்கக் கூடாது என்றது. கணக்குப் பார்க்கக் கடைசி 4 இலக்கமும் வங்கியின் பெயரும் போதும்.

"வெளிநாட்டுக்காரருக்கு ஓடிபி வராதே, அதனால்தான் போட்டோ" என்பீர்கள். ஓடிபி இல்லாமல் எடுத்த பணத்துக்குத்தான் ஆபத்து அதிகம். கார்டுக்காரர் "நான் கொடுக்கவில்லை" என்று தன் வங்கியிடம் சொன்னால், அவர் ஒப்புக்கொண்டதற்கு உங்களிடம் சான்று கிடையாது. பணம் உங்கள் கணக்கிலிருந்து திரும்பிப் போய்விடும்.

அதற்குப் பதில் பேமென்ட் லிங்க் அனுப்புங்கள். உங்களுக்கு ஆன்லைனில் பணம் வாங்கித்தரும் சேவையான கேட்வேயின் டாஷ்போர்டில் தொகை, முன்பதிவு எண், காலாவதி நேரம் மூன்றையும் போட்டு அனுப்ப ஒரு நிமிடம் ஆகும். விருந்தினர் தன் கார்டு எண்ணை கேட்வேயின் பக்கத்தில் அடிப்பார், உங்கள் ஆட்கள் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. ரத்தானால் அதே டாஷ்போர்டிலிருந்து அதே கார்டுக்கே ரீஃபண்ட். "தவறிக் கூடுதலாகக் கட்டிவிட்டேன், மீதியை இந்த யுபிஐக்குப் போடுங்கள்" என்று யாராவது கேட்டால், அநேகமாக அது திருட்டு கார்டு.

சொந்த இணையதளம் உள்ளவர்கள் அதைச் செய்து தந்தவரிடம் சிலவற்றைக் கேட்க வேண்டும். வாடகைத் தொகை எங்கே கணக்காகிறது? பிரவுசரிலிருந்து வரும் தொகையை அப்படியே நம்பினால், 6,500-ஐ 65 ஆக்க, பக்கத்தின் உள்நிரலைத் திறந்து காட்டும் எஃப்12 பொத்தான் போதும். தளத்தை இயக்கும் கணினியான சர்வர்தான் கணக்கிட வேண்டும். (ரேசர்பே போன்ற கேட்வேக்களில் தொகையைப் பைசாவில் தர வேண்டும். 6,500 ரூபாய்க்கு 650000. இரண்டு சுழியை மறந்தாலும் அதே 65 ரூபாய்தான்!)

முன்பதிவு எப்போது உறுதியாகிறது? பலருடைய தளத்தில் "நன்றி" பக்கம் திறந்ததும். மலைப்பாதையில் சிக்னல் போனால் பணம் பிடிபடும், பக்கம் திரும்பாது, அறை இன்னொருவருக்குப் போய்விடும். பணம் வந்ததைச் சொல்ல கேட்வே நேரடியாக சர்வருக்கு அனுப்பும் வெப்ஹூக் என்ற தானியங்கிச் செய்தியை, அனுப்பியது கேட்வேதான் என்று காட்டும் அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே, ஆதாரமாகக் கொள்ளுங்கள். ஒரே வெப்ஹூக் சில நேரம் இரண்டு முறை வரும், பேமென்ட் ஐடியைப் பார்த்து இரண்டாவதைத் தள்ளிவிட வேண்டும். பணம் கட்டும் வரை அறையை 15 நிமிடம் பிடித்துவைப்பது நல்லது. அதற்குப் பின் பணம் வந்து அறையும் போயிருந்தால் உடனே ரீஃபண்ட்.

கார்டு படிவத்தை மட்டும் உங்கள் பக்கத்தில் வைக்க வேண்டாம். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் புகுந்தது வெறும் 22 வரி ஸ்கிரிப்ட், அதாவது பக்கத்துக்குள் ஓடும் சின்ன நிரல். பயணிகள் அடித்த கார்டு எண்களை அது அப்படியே வெளியே அனுப்பியது. 2020-இல் அந்நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்ட் அபராதம். உங்கள் தளத்தில் ஒட்டியிருக்கும் இலவச சாட் பெட்டியும் யாரோ எழுதிய ஸ்கிரிப்ட்தான்.

பயணத் தளங்கள் வழியாக அறை விற்பவர்களுக்கு வேறொரு வலை விரிக்கிறார்கள். விருந்தினர் புகார் போல மெயில் வரும், லிங்கைத் தட்டினால் "இதை நகலெடுத்து ரன் பெட்டியில் ஒட்டுங்கள்" என்று கேட்கும். ரன் பெட்டி விண்டோஸ் கணினிக்குக் கட்டளை தரும் இடம், ஒட்டினால் பாஸ்வேர்டு போச்சு. பிறகு உங்கள் கணக்கிலிருந்தே, சரியான தேதியோடு, "கார்டைச் சரிபார்க்காவிட்டால் முன்பதிவு ரத்து" என்று விருந்தினருக்குச் செய்தி போகும். ஆளுக்கொரு லாகின், இரட்டைச் சரிபார்ப்பு, வேலையை விட்டவரின் லாகினை அன்றே நீக்குவது: இம்மூன்றும் இன்றே செய்யக்கூடியவை.

பழையதையும் துடைக்க வேண்டும். மெயிலிலும் வாட்ஸப்பிலும் "சிவிவி" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடி அழியுங்கள். கூகுள் போட்டோஸில் அழித்த படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் வரை இருக்கும், அதையும் காலி செய்யுங்கள். ரிஜிஸ்டரில் எண் எழுதிய பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். பழைய பேப்பர்காரருக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
விடுதி முன்பதிவுத் தளங்கள் அமைத்துத் தரும் சிலர்