வெள்ளி மாலை 6 மணி: நம்ம பிள்ளையின் முதல் பாட்டு

எல்லோருக்கும் வணக்கம். நம்ம பாம்பன் பிள்ளையின் முதல் பாட்டு வெள்ளிக்கிழமை யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் வருகிறது. ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்பிவிட்டால் பாதிப் பேர் கடலில் இருப்பீர்கள், அதனால்தான் இந்த அவசரம்.

தயவுசெய்து வீடியோவை இறக்கி அனுப்பாதீர்கள், லிங்க் மட்டும் போதும். முன்னோட்டத்தை அப்படி இறக்கி அனுப்பித்தான் தங்கச்சிமடம் முதல் தொண்டி வரை சுற்றவிட்டோம். ஊரே கேட்டது, யூடியூப் கணக்கில் ஐம்பதைத் தாண்டவில்லை. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடியாவது கேட்டால்தான் கணக்கில் ஏறும். அதில் பாதி வெறும் அலைச்சத்தம்தான் (நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை), பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சனிக்கிழமை காலை நாட்டுப்படகு மீன் ஏலம் முடிந்ததும் கரையில் ஸ்பீக்கரில் போடுகிறோம். நல்ல ஒயர் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள், நம்முடையது கரகரக்கிறது.